எடை குறைந்தால் தூரம் கூடுமா? பறக்கும் தட்டின் எண்பது ஆண்டுக் கணக்கு

2016 மார்ச் மாதம். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் பிரிம் என்று ஒரு சிற்றூர். டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் என்ற இளைஞர் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கையில் எடுத்து, சுழன்று வீசுகிறார். அது மேலே ஏறி, மிதந்து, மெல்ல இறங்கி விழுந்த இடத்தை அளந்து பார்த்தால் 338 மீட்டர்! மூன்று கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் வரிசையாக வைத்தாலும் அதைத் தாண்டி விழுந்திருக்கும்.

இதைக் கேட்டதும் யாருக்கும் ஒரு ஆசை வரும். "எந்தத் தட்டு? என்ன எடை? நாமும் அதை வாங்கினால் என்ன?" இந்தக் கேள்விக்குள் ஒரு பழைய சண்டை ஒளிந்திருக்கிறது. லேசான தட்டு அதிக தூரம் போகுமா, அல்லது கனமான தட்டா? இந்தத் தட்டு பிறந்த கதையைத் திரும்பிப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. டிஸ்க் கோல்ஃப் என்பது கோல்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எத்தனை குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் போடுகிறோம் என்பதுதான் ஆட்டம். முதல் வீச்சில் வெகுதூரம் போக வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் தட்டுக்கு "டிரைவர்" என்று பெயர். கூடைக்கு அருகில் வந்ததும் போடும் தட்டு "பட்டர்".

கேக் தட்டில் தொடங்கிய வியாபாரம்

1937-ல் கலிஃபோர்னியாவில் வால்டர் மாரிசன் என்ற இளைஞர் தன் காதலியோடு பாப்கார்ன் டின் மூடியை வீசி விளையாடிக் கொண்டிருந்தார். மூடி நசுங்கிப் போனது. அடுத்து கேக் சுடும் தட்டை எடுத்தார்கள். அது இன்னும் நன்றாகப் பறந்தது. மறு ஆண்டு சாந்தா மோனிகா கடற்கரையில் விளையாடிக் கொண்டிருந்தபோது, "அந்தத் தட்டை 25 சென்ட்டுக்குத் தருகிறாயா?" என்று ஒருவர் கேட்டார். கடையில் அதன் விலை 5 சென்ட். வணிகவியல் படிக்காமலே மாரிசனுக்கு லாபக் கணக்கு புரிந்துவிட்டது!

இரண்டாம் உலகப் போரில் மாரிசன் போர் விமானியாகப் பறந்து, எதிரிகளிடம் கைதியாகவும் இருந்தார். திரும்பி வந்தவருக்கு விமான இறக்கை எப்படி வேலை செய்கிறது என்ற அனுபவ அறிவு இருந்தது. 1948-ல் வாரன் ஃபிரான்சியோனி என்ற கூட்டாளியோடு சேர்ந்து பிளாஸ்டிக்கில் பறக்கும் தட்டு செய்தார். 1955-ல் "புளூட்டோ பிளாட்டர்" என்ற மேம்பட்ட வடிவம் வந்தது. 1957-ல் வாம்-ஓ நிறுவனம் அதை வாங்கி, அதே ஆண்டில் "ஃபிரிஸ்பீ" என்று பெயர் மாற்றியது. அதற்கப்புறம் நடந்தது உலகுக்கே தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டின் மூடியிலிருந்து கேக் தட்டு, கேக் தட்டிலிருந்து பிளாஸ்டிக் என்று ஒவ்வொரு முறை பறப்பது மேம்பட்டபோதும், வடிவமும் சேர்ந்தே மாறியது. எடை மட்டும் தனியாக மாறவில்லை.

விளிம்பில் இருக்கும் ரகசியம்

1964-ல் வாம்-ஓவில் சேர்ந்தவர் எட் ஹெட்ரிக். பொம்மையாக இருந்த ஃபிரிஸ்பீயை விளையாட்டுக் கருவியாக்கியவர் இவர்தான். தட்டின் மேற்பரப்பில் வட்ட வட்டமாக வரிகள் அமைத்தார். தட்டு தள்ளாடாமல் பறந்தது. 1967-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைத்ததும் இவரே. மறு ஆண்டு பி.டி.ஜி.ஏ என்ற தொழில்முறைச் சங்கத்தையும் தொடங்கினார். சங்கிலிக் கூடையும் அவருடைய கண்டுபிடிப்புதான். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். இப்படியும் ஒரு மனிதர்!

ஆனால் அந்தக் காலத்து வீரர்கள் வீசியது சாதாரண ஃபிரிஸ்பீயைப் போன்ற தட்டுதான். விளிம்பு உருண்டையாக, தடிமனாக இருக்கும். கடற்கரையில் பிடித்து விளையாட அதுதான் வசதி, கையை வெட்டாது. தூரம் போவதற்கோ அதுதான் தடை. உருண்டை விளிம்பு காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

1983-ல் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பை ஆப்பு போலச் சீவினார். இனோவா நிறுவனத்தின் "ஈகிள்" என்ற அந்தத் தட்டின் ஓரம் கத்தி போலக் காற்றைக் கிழித்தது. டிஸ்க் கோல்ஃபின் வரலாற்றையே 1983-க்கு முன், 1983-க்குப் பின் என்று பிரித்துவிடலாம். இன்றைய எல்லா டிரைவர்களும் அந்த ஈகிளின் வாரிசுகள்.

எடைக்கும் ஒரு விதி வந்தது. பி.டி.ஜி.ஏ விதிப்படி தட்டின் விட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது. டிரைவரின் விட்டம் பெரும்பாலும் 21 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 175 கிராம். இந்த 175 நாளடைவில் ஒரு கௌரவ எண்ணாகவே ஆகிவிட்டது. "முழு எடை வீசுபவன்தான் வீரன், லேசான தட்டெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்ற எண்ணம் பல மைதானங்களில் ஊறிப்போனது.

ஒரு வளையம் சொன்ன பாடம்

இதே காலத்தில் ஆலன் ஆட்லர் என்ற பொறியாளர் வேறு வழியில் போனார். (காபி போடும் ஏரோபிரஸ் கருவியைப் பின்னாளில் கண்டுபிடித்தவரும் இவரே!) தட்டின் நடுப்பகுதி எதற்கு என்று நினைத்து அதை எடுத்தே விட்டார். மிஞ்சியது மெல்லிய வளையம். "ஸ்கைரோ" என்ற அந்த வளையம் 1980-ல் 857 அடி, அதாவது சுமார் 261 மீட்டர் பறந்து சாதனை படைத்தது.

ஆனால் அதில் ஒரு சிக்கல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வீசினால்தான் ஸ்கைரோ நேராகப் போகும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் வளைந்துவிடும். ஆட்லர் விடவில்லை. வளையத்தின் ஓரத்தை மாற்றி அமைத்து, வேகம் மாறினாலும் நேராகப் போகும்படி செய்தார். அதுதான் 1984-ல் வந்த "ஏரோபி". 2003-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏரோபி 1,333 அடி, அதாவது 406 மீட்டர் பறந்தது.

ஏரோபி வளையம் டிஸ்க் கோல்ஃப் டிரைவரை விட லேசானது. "அப்படியென்றால் எடை குறைந்தால் தூரம்தானே?" என்று கேட்கலாம். அவசரம் வேண்டாம். ஸ்கைரோவும் மெல்லிய வளையம்தான். அதை ஏரோபி ஆக்கியது ஓரத்தில் செய்த திருத்தம். முதலில் வடிவம், அடுத்து அந்த வடிவம் கேட்கும் வேகம். எடை அதற்கப்புறம்தான் பேச்சுக்கு வருகிறது.

வரவும் செலவும்

2010-களின் தொடக்கத்தில் லேசான டிரைவர்களுக்குப் புது வாழ்வு வந்தது. பிளாஸ்டிக்குக்குள் சிறு சிறு காற்றுக் குமிழ்களை அடைத்து "பிளிசார்ட்" என்ற வகைத் தட்டுகளை இனோவா வெளியிட்டது. அகலமான விளிம்புள்ள வேகமான டிரைவர்களும் 150 கிராமுக்குக் கீழே வரத் தொடங்கின. சில தட்டுகள் தண்ணீரில் மிதக்கவே செய்தன!

இப்போது கணக்கைப் போடுவோம். 175 கிராம் தட்டுக்குப் பதில் 150 கிராம் தட்டு. 25 கிராம், அதாவது சுமார் 14 சதவீதம் குறைவு.

வரவுப் பக்கம்: லேசான தட்டைக் கொஞ்சம் வேகமாக வீசலாம். ஆனால் 14 சதவீத வேகம் கூடிவிடாது. ஏனென்றால் வீசும்போது நாம் சுழற்றுவது தட்டை மட்டும் அல்ல, நம் கையையும் சேர்த்துத்தான். 70 கிலோ ஆளின் ஒரு கை மட்டும் சுமார் மூன்றரை கிலோ இருக்கும். அதோடு ஒப்பிட்டால் 25 கிராம் எம்மாத்திரம்? தெருவில் பிளாஸ்டிக் பந்தையும் கார்க் பந்தையும் எறிந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். வரவில் இன்னொன்றும் உண்டு. காற்று தூக்கிப் பிடிக்க வேண்டிய சுமை குறைவு என்பதால், லேசான தட்டு குறைந்த வேகத்திலும் மிதக்கும்.

செலவுப் பக்கம்: காற்றின் தடை தட்டின் வடிவத்தையும் வேகத்தையும் பார்க்கும், எடையைப் பார்க்காது. ஒரே தடை லேசான பொருளை அதிகமாக நிறுத்தும். 150 கிராம் தட்டு அதே வேகத்தில் 175 கிராம் தட்டை விடச் சுமார் 17 சதவீதம் கூடுதலாக வேகத்தை இழக்கும்.

இன்னொரு பெரிய செலவு சுழற்சியில் இருக்கிறது. பம்பரம் நிற்பது சுழற்சியால். தட்டு நேராகப் பறப்பதும் அதனால்தான். ஒரே வேகத்தில் சுழன்றாலும் லேசான தட்டின் சுழற்சிக்குப் பலம் குறைவு. காற்று அதைச் சுலபமாகச் சாய்த்துவிடும்.

வலது கைக்காரர் புறங்கையால் வீசும் டிரைவர், போதிய வேகம் இருந்தால் முதலில் சற்று வலப்பக்கம் திரும்பும், வேகம் குறையும்போது இடப்பக்கம் இறங்கும். இந்த ஆங்கில எஸ் வடிவப் பாதை முழுமையானால்தான் முழுத் தூரம். கை வேகம் குறைந்தவர் 175 கிராம் டிரைவரை வீசினால் என்ன ஆகும்? முதல் பாதி நடக்கவே நடக்காது. தட்டு சடாரென்று இடப்பக்கம் இறங்கிவிடும். அவரே 150 கிராம் தட்டை எடுத்தால், அது கொஞ்சம் வலம் திரும்பி, பிறகு இடம் வந்து, பாதையை முடிக்கும். தூரம் கூடும். கை வேகம் மிகுந்தவர் அதே தட்டை நேராக வீசினாலோ அது வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் முட்டும்.

ஆக, ஒரே தட்டு ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம்.

சாதனையை எழுதிய காற்று

சரி, பாலைவனத்துக்குத் திரும்புவோம். சாதனைப் பட்டியலைப் பாருங்கள். 2002-ல் ஸ்வீடனின் கிறிஸ்டியன் சாண்ட்ஸ்ட்ராம் 250 மீட்டர். 2012-ல் விக்கின்ஸ் 255 மீட்டர். 2014-ல் ஜெர்மனியின் சைமன் லிசோட் 263.2 மீட்டர். பன்னிரண்டு ஆண்டுகளில் கூடியது சுமார் 13 மீட்டர். அடுத்த இரண்டே ஆண்டுகளில் 338! ஒரே தாவலில் சுமார் 75 மீட்டர்.

மனிதனின் கை இரண்டு ஆண்டுகளில் அவ்வளவு வளரவில்லை. பிளாஸ்டிக்கும் அவ்வளவு மாறவில்லை. பாலைவனத்தில் முதுகுக்குப் பின்னால் பலமாக அடித்த காற்றுதான் அந்த வித்தியாசம். காற்றில்லாத மைதானத்தில் உலகின் தலைசிறந்த வீரர்கள் கூட 338-க்குப் பக்கத்தில் வருவதில்லை.

பின்காற்று அடிக்கும்போது லேசான தட்டின் கணக்கே மாறிவிடுகிறது. உயரத்தில் வீசி, கவிழ்ந்து நிமிர நேரம் கொடுத்தால், காற்று அதைச் சுமந்துகொண்டு போகும். தூரப் போட்டிக்காரர்கள் லேசான தட்டைத் தேடுவது இதனால்தான். அதே தட்டை எதிர்காற்றில் வீசினால், சாய்ந்து, மேலே எழும்பி, வீசியவர் பக்கமே திரும்பி வருவது போலத் தோன்றும். போட்டி மைதானத்தில் பதினெட்டுக் கூடைகளும் காற்றடிக்கும் திசையில் இருக்காதே!

அதற்காக லேசான தட்டை ஒதுக்கிவிடவும் முடியாது. புதிதாக வருபவர்கள், சிறுவர்கள், வயதானவர்கள், தோள் வலி உள்ளவர்கள் எல்லோரும் டிரைவர் என்ற வடிவத்தின் பலனை அனுபவிக்க அது ஒரு வாசல். இவர்களிடம் "175 வீசினால்தான் ஆட்டம்" என்று சொல்லும் கௌரவம், அவர்களிடமிருந்து தூரத்தையும் பறிக்கிறது, சில சமயம் ஆட்டத்தையே பறிக்கிறது. சாதனைக்காரரின் தட்டை அப்படியே வாங்கச் சொல்லும் விளம்பர மயக்கமும் அதே தவறைத்தான் மறுபக்கத்திலிருந்து செய்கிறது.

மாரிசன் தொடங்கி டனிபேஸ் வரை இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். தூரத்தைக் கண்டுபிடித்தது வடிவம். அந்தத் தூரத்தை யார் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை முடிவு செய்வதுதான் எடை. லேசான தட்டு வேகமில்லாத கைக்குக் கடன் தரும், வேகமுள்ள கையிடம் வட்டி வசூலிக்கும். வாங்கும் முன் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியது தட்டை அல்ல, உங்கள் கையையும் அன்றைய காற்றையும்தான்.