கடல் கடக்க நிற்கும் எண்ணெய்

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டிலே அமைந்துள்ளது பள்ளிவாசல்துறை. கடலையும் மணற்பாங்கான தோட்டங்களையும் நம்பி வாழும் கரை அது. கடலுக்குச் செல்லும் படகின் இயந்திரத்துக்கும், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பொறிக்கும் எண்ணெய் வேண்டும். 2022ஆம் ஆண்டில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி, எண்ணெய்க் கப்பல்களுக்குப் பணம் செலுத்த இயலாமற் போயிற்று. அப்போது இலங்கைக் கரையெங்கும் மீன்பிடிப் படகுகள் மணலிலே கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. எண்ணெய் எவர் கையில் இருத்தல் வேண்டும், அதற்கு எவர் முதலிடுதல் வேண்டும் என்னும் பழைய வினா அன்று மீண்டும் எழுந்தது.

அவ்வினாவின் வரலாறு 1961இல் தொடங்குகிறது. அதுவரை இலங்கையின் எண்ணெய் வாணிகம் ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய அந்நியக் கம்பனிகளின் வசம் இருந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. அதன் முன்னணியில் நின்றவர் அமைச்சர் டி. பி. இலங்கரத்தின. மறு ஆண்டில் கம்பனிகளின் சொத்துக்களிற் சில அரசுடைமையாயின. நட்டஈடு கிடைக்கவில்லை என்று கூறி, 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்திற்று. 1964இன் தொடக்கத்தில் வாணிகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாயிற்று. 1965இல் ஆட்சி மாறியபின் நட்டஈட்டுப் பிணக்குத் தீர்ந்தது. 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

நாட்டின் மறு கரையிலே, திருகோணமலையில், வேறொரு செல்வம் கிடந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் தம் கடற்படைக்காக அமைத்த எண்ணெய்த் தாங்கிகளே அவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய வான்படை தாக்கியபோது அவற்றுள் ஒன்று அழிந்தது. இன்று எஞ்சி நிற்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இத்தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்கும் எண்ணம் இடம்பெற்றது. எனினும் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் அங்கே கால்வைத்தது 2003இலேயாகும். 2022 ஜனவரியில் 61 தாங்கிகளுக்கெனக் கூட்டுக் கம்பனி ஒன்று உருவாயிற்று. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐ.ஓ.சி.க்கு 49 வீதம்.

இங்கே நுண்ணியதொன்று உண்டு. லங்கா ஐ.ஓ.சி.யின் முக்காற்பங்கு, இந்திய அரசு பெரும்பங்கு கொண்ட இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கு உரியது. மிகுதிக் காற்பங்கோ கொழும்புப் பங்குச் சந்தையிலே விற்கப்பட்டது. ஆகவே இரண்டு அரசுகள் கைகோத்த தொழிலிலே தனியார் பணமும் ஓசையின்றிப் புகுந்துவிட்டது.

2023 ஜூலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க புதுடில்லி சென்றபோது, தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கடலடியில் எண்ணெய்க் குழாய் அமைப்பது பற்றிப் பேசப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் திருகோணமலையை ஓர் எரிபொருள் மையமாக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. இதற்கு முன்மாதிரிகள் உண்டு. மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீற்றர் நீளக் குழாய் 2019இல் திறக்கப்பட்டது. சிலிகுரியிலிருந்து வங்காளதேசத்தின் பார்பதிபூருக்குச் செல்லும் குழாய் 2023இல் திறக்கப்பட்டது. அவை நிலத்திலே சென்றவை. பெரும்பாலும் இந்தியாவின் பொதுப்பணத்தால் எழுந்தவை. கடலைக் கடக்கும் குழாய்க்கு அதனினும் பெருமுதல் வேண்டும். ஆகவேதான் வெளியார் முதல் நாடப்படுகிறது.

குழாயின் இயல்பு கப்பலின் இயல்பு அன்று. கப்பல் இன்று ஒரு துறையிலும் நாளை வேறொரு துறையிலும் எண்ணெய் ஏற்றும். குழாய்க்கு வழி ஒன்றே. முதல் முழுவதும் முற்கூட்டியே மண்ணுக்குள்ளும் நீருக்குள்ளும் புதைந்துவிடும். வருவாயோ பல்லாண்டு காலம் சிறிது சிறிதாகவே திரும்பும். எனவே முதலிடுவோன், ஆண்டுதோறும் இவ்வளவு எண்ணெய் அதன் வழியே ஓடும் என்ற உறுதியைக் கேட்பான். அவ்வுறுதியை அளிக்கும் அரசு, மலிவாக விற்கும் வேறொருவரிடம் வாங்கும் உரிமையைச் சிறிது இழக்கும். உறுதி அளிக்காவிடிற் பணம் வராது. குழாய் எவர் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டிலும், உடன்படிக்கையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே பெரிது.

1961இல் அரசுடைமை தேவை என வாதிட்டோர், அந்நியர் விலை வகுப்பதை அஞ்சினர். அவ்வச்சம் பொய்யன்று. 2022இல் அரசுடைமை மட்டும் எண்ணெயைக் கொண்டுவராது என்பதும் மெய்யாயிற்று. இவ்விரு பாடங்களையும் ஒருங்கே கற்றோரே நல்ல உடன்படிக்கையை எழுத வல்லோர். பள்ளிவாசல்துறையின் மீனவன் குழாயின் சொந்தக்காரன் யார் என்று கேட்கமாட்டான். விடியுமுன் படகைத் தள்ளும்போது எண்ணெய் உண்டா, அதன் விலை தன் வலையில் விழும் மீனுக்கு ஈடாகுமா என்றே கேட்பான். அக்கேள்விக்கு விடை கூறாத எந்த உடன்படிக்கையும் நிறைவுடையதாகாது.