கேட்போர் முகத்தில் வாழும் பாடல்கள்

செய்யுளின் உறுப்புகளை வரிசைப்படுத்திய தொல்காப்பியர், கூற்றை அடுத்துக் கேட்போரையும் ஓர் உறுப்பாக வைத்தார். பாடுவோரால் மட்டும் பாட்டு நிறைவெய்துவதில்லை என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது. இசைப்படமாக எடுக்கப்படாத திரைப்படம் ஒன்றில் கதைமாந்தரே வாய்திறந்து பாடும் ஒற்றைப் பாடல் ஏன் நெஞ்சைவிட்டு அகலுவதில்லை என்று ஆராய்வார்க்கு இதுவே திறவுகோல். இசைப்படத்தில் பாடல் பெரிதும் அரங்கில் அமர்ந்திருப்போருக்கு உரியது. ஏனைய படங்களிலோ, கதைக்குள் வாழ்வோரே அதன் முதற் செவிகள்.

மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய 'காசாபிளாங்கா' (1942) இதற்கு நற்சான்று. ஐரோப்பாவிலிருந்து தப்பிவந்த அகதிகள் நிறைந்த மொராக்கோ மதுவிடுதியில் ஜெர்மானிய அதிகாரிகள் தங்கள் நாட்டுப்பாடலை முழங்குகின்றனர். விடுதலைப் போராளி லாஸ்லோ, பிரெஞ்சு நாட்டுப் பண்ணை இசைக்குமாறு இசைக்குழுவைப் பணிக்கிறான். குழுவினர் விடுதி உரிமையாளன் ரிக்கை நோக்குகின்றனர்; அவன் தலையசைக்கிறான். அவையே எழுந்து பாடுகிறது. அங்கே கண்ணீர் மல்கப் பாடும் இவோன் என்னும் பெண்ணாக நடித்த மாதலென் லெபோ, 1940இல் பிரான்சைவிட்டுத் தப்பியோடியவர். உடன் நடித்தோருள் வேறு பலரும் அகதிகளே. அக்கண்ணீரை நடிப்பு என்று மட்டும் கொள்வதற்கில்லை. பாடியதற்கு விலையும் உண்டு: அன்றிரவே விடுதி மூடப்படுகிறது.

அங்கே பாடல் பகைவரை எதிர்த்தது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957) படத்திலோ பகைவரின் பாடலே மனிதரை மீட்கிறது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரர் மூவர், கோழைகள் என்று பழிசுமத்தப்பட்டுத் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்படுகின்றனர். இறுதியில், சிறைப்பட்ட ஜெர்மானியப் பெண்ணொருத்தி வீரர்கள் முன் மேடையேற்றப்படுகிறாள். சீழ்க்கையும் ஏளனமும் எழுகின்றன. அவள் நடுங்கும் குரலில் தன் நாட்டுப்புறப் பாடல் ஒன்றைத் தொடங்குகிறாள். மொழி புரியாத வீரர்கள் மெல்ல அடங்கி, மெட்டை மட்டும் முணுமுணுத்து அழுகின்றனர். போர்முனைக்குத் திரும்பும் ஆணை வந்துவிட்டது. வெளியே நிற்கும் படைத்தலைவர் டாக்ஸ் அவர்களுக்கு இன்னும் சில நிமிடங்கள் அளிக்கிறார். 1975 வரை பிரான்சில் திரையிடப்படாத படம் இது.

அகிரா குரோசாவாவின் 'இகிரு' (1952) மற்றொரு நிலையைக் காட்டுகிறது. இதில் வரும் பாடல் கவிஞர் யோஷீ இசாமு எழுதியது. 1915இல் நாடக மேடையில் பாடப்பெற்றது. இளமை நிலையாமையைச் சொல்லும் காதற்பாட்டு அது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கோப்புகளுக்கிடையே வாழ்வைத் தொலைத்த நகராட்சி அலுவலர் வதனபே, வயிற்றுப் புற்றுநோயால் சாகப்போவதை அறிந்தபின், இரவு விடுதியில் அதைப் பாடுகிறார். ஆடிக்கொண்டிருந்தோர் அஞ்சி விலகுகின்றனர். பின்னர் ஏழைக் குழந்தைகளுக்காக விளையாட்டுத் திடலொன்றை அரும்பாடுபட்டு அமைத்து, பனி பொழியும் இரவில் அதன் ஊஞ்சலில் அமர்ந்து மீண்டும் பாடுகிறார். சொல் ஒன்றே, முன்னது புலம்பல், பின்னது நிறைவு. இரண்டாம் முறை கேட்டவர் அவ்வழிச் சென்ற காவலர் ஒருவரே. அவர் வந்து சொல்லியிராவிட்டால் அந்தப் பாடலை இறப்புவீட்டில் இருந்தோர் அறிந்திருக்க மாட்டார்கள்.

அதைக் கேட்டறிந்த அலுவலர்கள், இனித் தாமும் அவ்வாறே வாழ்வதாகக் குடிமயக்கத்தில் சூளுரைக்கின்றனர். பின்னர் அலுவலகத்தில் பழைய கோப்புகளுக்கே திரும்புகின்றனர். ஒருவன் மட்டும் மனம் பொறாது எழுகிறான். எனினும் வாய்பேசாது அமர்ந்துவிடுகிறான். மாலையில் அந்தத் திடலருகே நின்று, ஊஞ்சலாடும் குழந்தைகளைப் பார்க்கிறான்.

ஒரு பாட்டு எல்லோரையும் மாற்றிவிடும் என்று குரோசாவா பொய்யுரைக்கவில்லை. கேட்டவருள் ஒருவன் திடலருகே நின்றான் என்பதோடு அமைந்தார். கவிஞர்க்கு வாய்க்கும் கேட்போர் தொகையும் பெரும்பாலும் அவ்வளவே. பாட்டு உயிர்த்திருக்க அது போதும்.