ஓரணாச் சோறும் ஒரு மணி நேர வகுப்பும்

வடசென்னை மாணவர்களின் மனநலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆலோசகரில் தொடங்கி உதவி எண்ணில் முடிக்கிறார்கள். இதைச் சோற்றிலிருந்து தொடங்கவேண்டும் என்பேன். வண்ணாரப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தர முடிவெடுத்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்த அந்தத் திட்டம், தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிட அரசு இடம்தராததால் 1925-இல் நின்றது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் குறைந்தார்கள். காமராசர் 1956-இல் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார்; எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கென்று வந்த சோறு, பள்ளிக்கு வரும் எல்லோருக்கும் உரியதாக விரிந்த பிறகுதான் தட்டேந்தி வரிசையில் நிற்பதில் கூச்சம் குறைந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

மனநலத்திலும் அந்தக் கூச்சமே பெரிய தடை. ராயபுரத்து மீனவர் வீட்டுப் பெண்ணோ, எண்ணூர் ஒப்பந்தத் தொழிலாளியின் மகனோ ஆலோசகர் அறைக்குத் தனியே அழைக்கப்பட்டால், அன்று மாலைக்குள் தெருவே அதற்கொரு காரணம் சொல்லிவிடும். 2020-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது: பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் பயிற்சி பெற்று, வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு முழுவதற்கும் நடத்தவேண்டும், அதன் 11 தலைப்புகளில் மனநலமும் ஒன்று. ஆசிரியர் மருத்துவர் இல்லையே என்பார்கள். உண்மைதான். சத்துணவு அமைப்பாளரும் மருத்துவர் இல்லை. தீவிரமான துயரத்தைக் கண்டுகொண்டு ஸ்டான்லி மருத்துவமனைக்கோ 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கோ வழிகாட்டத் தெரிந்தால் போதும்.

இன்னொரு மறுப்பு கனமானது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே அம்மோனியா கசிந்தது. 2024 அக்டோபரில் திருவொற்றியூர்ப் பள்ளியொன்றில் மாணவிகள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். காற்றைச் சரிசெய்யாமல் பிள்ளைகளுக்கு மனவுறுதி போதிப்பது நியாயமா? நியாயமில்லை. ஆனால் காரணத்தைக் களைவதும் மனநலப் பணியே. எடுத்துக்காட்டாக, பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றவர் பட்டியலை 2017-இல் அரசு கைவிட்டது. அது எந்த ஆலோசனை வகுப்புக்கும் குறைந்த வேலையில்லை. காற்றைக் கெடுக்கும் ஆலைகளைக் கேள்வி கேட்பதும் வகுப்பில் மனம்விட்டுப் பேசுவதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. தலைமையாசிரியர்களே, பொதுத்தேர்வு நெருங்கும்போது அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.