அரக்குத் தட்டில் ஸ்விங்

இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, ஜாஸ் சங்கீதத்தின் ஜன்மபூமியான அமெரிக்காவில் ஒலிப்பதிவுக் கூடங்கள் பலவும் ஓசையடங்கிக் கிடக்க, கல்கத்தாவின் சௌரங்கி வீதியிலுள்ள கிராண்ட் ஹோட்டலில் இரவுதோறும் வாசித்துவந்த ஒரு வாத்திய கோஷ்டி, கொலம்பியா முத்திரையில் தன் இசையைத் தட்டுகளாகப் பதித்துக்கொண்டிருந்தது. அதை நடத்தியவர் டெடி வெதர்போர்ட் என்ற கறுப்பினப் பியானோ வித்வான். இந்தத் தட்டுகள் நம் நாட்டுச் சங்கீத சரித்திரத்தின் ஓர் அங்கம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

அமெரிக்காவின் மௌனத்துக்குக் காரணங்கள் இரண்டு. இசைத்தட்டு வானொலியிலும் விடுதிகளிலும் சுழலச் சுழலத் தங்கள் பிழைப்பு பறிபோகிறதென்று முறையிட்ட வாத்தியக்காரர் சங்கம், 1942 ஆகஸ்ட் 1 முதல் பதிவுகளுக்கு வாசிக்க மறுத்தது. பெரிய கம்பெனிகளில் இரண்டு 1944 நவம்பரில்தான் இணங்கின. மற்றொன்று அரக்கு. பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் மாளிகை கட்டியதாகப் பாரதம் சொல்லும் அதே அரக்குதான், சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரக்கிளைகளில் சிறு பூச்சிகளால் விளைந்து, கப்பலேறிப் போய், உலகத்து இசைத்தட்டுகளுக்கெல்லாம் மூலப்பொருளாயிற்று. யுத்தத்தால் கடல்வழி அபாயகரமானதும், 1942இல் அமெரிக்க அரசாங்கம் தட்டுகளுக்கான அரக்கை வெகுவாகக் குறைத்துவிட, பழைய தட்டுகளைத் திரும்பப் பெற்று உருக்கும் நிலை அங்கே ஏற்பட்டது.

நமக்கோ அரக்கும் அருகிலிருந்தது, ஆலையும் அருகிலிருந்தது. கல்கத்தாவுக்கு அடுத்த டம்டம்மில் 1928 முதல் இயங்கிவந்த கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலையில், தமிழ்ப் பாட்டுத் தட்டுகள் அச்சாகி வந்த அதே இடத்தில், அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து காய்ச்சிய குழம்பு, சூடான அச்சுகளுக்கிடையே நசுங்கிப் பத்தங்குலத் தட்டாக வெளிவந்தது. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று; ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். நம் பாகவதர்கள் ஒரு கீர்த்தனத்தை அதற்குள் சுருக்கிப் பாடியதுபோலவே, டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸபோனும் வரிசைகட்டிய, ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையை வாசிக்கும் கோஷ்டியும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் தன் வித்தை முழுவதையும் அடக்கியாக வேண்டும்.

வெதர்போர்ட் 1903இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். சிகாகோவில் எர்ஸ்கின் டேட்டின் கோஷ்டியில் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து வாசித்தவர். 1926இல் கீழ்த்திசைக்குக் கப்பலேறி, ஷாங்காயிலும் பின்னர் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலிலும் பேரெடுத்து, இறுதியில் கல்கத்தாவில் நிலைத்தவர். அவரோடு இந்தியாவில் கிளாரினெட் வாசித்த ரூடி ஜாக்ஸன் சாமானியர் அல்லர். ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டனின் கோஷ்டியில் இருந்து, 1927இல் பதிவான பிரசித்தி பெற்ற 'கிரியோல் லவ் கால்' தட்டில் பங்கேற்றவர். பின்னாளில் ப்ளூஸ் பாடகராகப் புகழ்பெற்ற ஜிம்மி விதர்ஸ்பூன், வர்த்தகக் கப்பல் ஊழியராகக் கல்கத்தாவுக்கு வந்த இடத்தில் பாடியதும் இந்தக் கோஷ்டியோடுதான். வீட்டை நினைத்து ஏங்கிய சிப்பாய்களுக்காக ராணுவ வானொலியும் இவர்கள் இசையை ஒலிபரப்பியது. 1945 ஏப்ரலில், நாற்பத்தொரு வயதில், வாந்திபேதி கண்டு வெதர்போர்ட் கல்கத்தாவிலேயே காலமானார்.

அத்தட்டுகள் அனைத்தும் உன்னதம் என்று நான் வாதிக்கவில்லை. நடனத்துக்கு வருவோர் கேட்ட சினிமாப் பாட்டுகளே அவற்றில் பல. ஆயினும் இந்த மண்ணில் வாசிக்கப்பட்டு, இந்த மண்ணின் அரக்கில் பதிந்து, இங்கேயே விற்ற சங்கீதத்தை அந்நியமென்று ஒதுக்குவது நியாயமாகாது. அந்தக் காலத்து ஹோட்டல் கோஷ்டிகளில் பழகிய கோவாக்காரர்கள் பலர், சிக் சாக்கலேட் என்ற டிரம்பெட் கலைஞர் உட்பட, பம்பாய்ச் சினிமாவுக்குப் போய், அதன் வாத்திய அமைப்பையே மாற்றினார்கள். 1963இல் எல்லிங்டனே தம் கோஷ்டியுடன் இந்தியாவுக்கு வந்தார். சென்னையும் அந்த யாத்திரையில் ஒரு நிறுத்தமாக இருந்தது. அந்தப் பயணத்தின் நினைவாக 1966 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவான 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற தொகுப்பில், ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் டில்லி மைனாவாய்க் கூவுவதை இன்றும் கேட்கலாம்.

தமிழிசைக்குப் பொருளை வாரி வழங்கிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பெயரைத் தாங்கிய, சென்னையின் ராஜா அண்ணாமலைபுரத்தில், இத்தகைய தட்டுகள் பரணில் கிடக்கக்கூடிய பழைய தனிவீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. பரணை ஒழிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கனத்த கறுப்புத் தட்டுகள் தென்பட்டால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பாகவதர்களின் தட்டுகளுக்கிடையே வெதர்போர்ட் என்ற பெயர் ஒட்டிய தட்டொன்று இருந்தால், அதை ஒரு நூலகத்திலோ, அருமை அறிந்த ஒரு சேகரிப்பாளரிடமோ சேர்ப்பியுங்கள்.