ஈரி ஏரியும் பஃபலோவின் பனியும்

1977 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. பஃபலோ நகர மக்கள் வழக்கம்போல் காலையில் வேலைக்குப் போயிருந்தார்கள். பதினொன்றரை மணியளவில் மேற்கே ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. சற்று நேரத்தில் தெருவின் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. காற்றின் உச்ச வேகம் மணிக்கு 69 மைல், அதாவது 111 கிலோமீட்டர். பிப்ரவரி 1 வரை புயல் ஓயவில்லை. சில இடங்களில் 30 அடி உயரம் வரை பனி குவிந்தது. 29 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் பஃபலோவில் பனிக்குள் புதைந்த கார்களில் கிடந்தார்கள். விலங்குக் காட்சிசாலையில் பனிமேடு வேலியின் உயரத்துக்கு வளர்ந்துவிட, மூன்று ரெயின்டீர் மான்கள் அதன்மேல் ஏறி வெளியே நடந்து போய்விட்டன.

இந்தக் கதையைப் பஃபலோவில் யாரும் சொல்வார்கள். மேற்படிப்புக்காக இங்கே வந்த முதல் குளிர்காலத்திலேயே நானும் கேட்டுவிட்டேன். அதற்குள் இருந்த ஒரு கணக்கு மட்டும் பல ஆண்டுகள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. அந்த நாட்களில் வானத்திலிருந்து புதிதாக விழுந்த பனி சுமார் 12 அங்குலம்தான். பஃபலோவுக்கு அது பெரிய அளவே இல்லை. அப்படியானால் 30 அடி மேடுகள் எங்கிருந்து வந்தன?

இந்த விடைக்கு ஏரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்தில் ஆழம் மிகக் குறைந்தது ஈரி. நீளம் 388 கிலோமீட்டர். சராசரி ஆழமோ 19 மீட்டர்தான். மேற்குத் தென்மேற்கிலிருந்து கிழக்கு வடகிழக்காகச் சாய்ந்து கிடக்கும் அந்த ஏரியின் கிழக்கு முனையில் பஃபலோ இருக்கிறது. கோடையெல்லாம் வெயிலை வாங்கிய நீர் நவம்பரிலும் சூடு முழுவதும் ஆறாமல் இருக்கும். அப்போது கனடாவின் உட்பகுதியிலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்கி வருகிறது. ஏரிப் பரப்புக்கும் அதற்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே உள்ள காற்றுக்கும் வெப்பநிலை வேறுபாடு 13 பாகை செல்சியஸை எட்டினால் போதும். நீரின் சூடும் ஈரமும் ஏறிய காற்று பொங்கி மேலெழும்பி மேகமாகும். கரையைத் தொட்டதும் பனியாகக் கொட்டிவிடும். காற்று ஏரியின் நீளவாக்கில் வீசினால் ஈரம் அள்ளத் தூரம் அதிகம். ஆகவே முழுச் சுமையும் கிழக்கு முனையில் வந்து இறங்குகிறது.

இது நமக்கு முற்றிலும் புதிய சங்கதி அல்ல. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டுதான் ஐப்பசி, கார்த்திகையில் தமிழகக் கரைக்கும் ஈழத்தின் வடக்கு கிழக்குக்கும் மழை தருகிறது. கடலின் இடத்தில் ஏரியையும் மழையின் இடத்தில் பனியையும் வைத்துப் பாருங்கள். மொழிதான் கொஞ்சம் தடுமாறுகிறது. முன்பனி, பின்பனி என்று பருவம் பிரித்த நம் முன்னோர் பனி என்றது புல்நுனியில் நிற்கும் துளியையும் மூடுபனியையும். அந்தச் சொல்லைத்தான் நாங்கள் இங்கே ஆளை மூடும் பொருளுக்கும் வைத்துப் புழங்குகிறோம்.

இந்த மேகப் பட்டை மிகக் குறுகியது. 2014 நவம்பரில் அதை நேரில் கண்டேன். நகரத்துக்கு வடகிழக்கே ஆம்ஹர்ஸ்ட்டில் என் வீட்டு வாசலில் சில அங்குலப் பனிதான். தெற்கே பார்த்தால் தரையிலிருந்து வானம் வரை வெள்ளைச் சுவர் ஒன்று அசையாமல் நின்றது. அதற்குள் லாக்கவானாவில் இருந்த சக ஊழியர் முன்கதவைத் திறக்க முடியாமல் இரண்டு நாள் வீட்டுக்குள் கிடந்தார். தென்புற ஊர்களில் 5 அடிக்கு மேல் விழுந்தது. சில இடங்களில் 7 அடி. தொலைபேசியில் அவர் சொன்னதை நம்ப எனக்கே சிரமமாக இருந்தது; என் தலைக்கு மேல் நீல வானம்.

இனி 1977க்கு வருவோம். ஏரி உறைந்துவிட்டால் நீருக்கும் காற்றுக்கும் நடுவே மூடி போட்டதுபோல் ஆகிவிடும். சூடும் ஈரமும் மேலே வராது. ஆழம் குறைந்த ஈரி சீக்கிரம் உறைவதால், ஜனவரி பிறந்தால் நிம்மதி என்பது இந்த ஊரின் பழைய நம்பிக்கை. 1976இல் ஏரி டிசம்பர் 14ஆம் தேதியே உறைந்துவிட்டது. அதற்கு முன் அத்தனை சீக்கிரம் உறைந்ததாகப் பதிவில்லை. அதற்குப் பிறகு விழுந்த பனியெல்லாம் நீரில் கரையாமல் பனிக்கட்டியின் மேல் பொடியாகத் தங்கியது. தடுக்க ஒரு மரமோ வேலியோ இல்லாத, ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புள்ள களஞ்சியம் அது. ஜனவரி 28 அன்று அடித்த காற்று அதை வாரி நகரத்தின்மேல் போட்டது. ஊரைக் காக்கும் என்று நம்பிய பனிமூடிதான் ஊரைப் புதைத்தது. பனிப்புயலுக்காக அமெரிக்காவில் பெரும் பேரிடர் என்று முதன்முதலாக அறிவிக்கப்பட்டது இதற்குத்தான். கார்ட்டர் அதிபராகிச் சில நாட்களே ஆகியிருந்தன.

இப்படியொரு முனையில் ஏன் நகரம் கட்டினார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. விடை அதே முனைதான். 1825இல் ஈரி கால்வாய் திறந்தபோது, மேற்கிலிருந்து ஏரி வழியே வரும் சரக்கு கால்வாய்க்கு மாறும் இடம் பஃபலோவானது. 1842இல் ஜோசப் டார்ட் நீராவியால் இயங்கும் தானிய ஏற்றுக்கிடங்கை இங்கேதான் கட்டினார். கோதுமை இறங்கிய அதே கரையில்தான் புயலும் இறங்கியது. 1844 அக்டோபர் 18 இரவு, தென்மேற்குக் காற்று ஏரி நீரைத் தள்ளிக்கொண்டு வந்து கிழக்கு முனையில் குவித்தது. கரைச்சுவரைத் தாண்டிய வெள்ளத்தில் 78 பேர் இறந்தார்கள். 1848 மார்ச் கடைசியில் காற்று தள்ளிய பனிக்கட்டிகள் நயாகரா ஆற்றின் வாயை அடைத்துவிட, அருவியே ஒரு நாளுக்கு மேல் வற்றிப்போனது. மக்கள் ஆற்றுப் படுகையில் இறங்கி நடந்தார்கள்.

அந்த வாயில் இப்போது ஒவ்வொரு குளிர்காலமும் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதவைத் தடுப்பு ஒன்று போடுகிறார்கள். 1964இல் தொடங்கிய ஏற்பாடு இது. பனிக்கட்டிகள் ஆற்றுக்குள் பாய்ந்து நீர்மின் நிலையங்களின் நீர்வாய்களை அடைக்காமல் இருக்கவும், கரையோரத்தைச் சிதைக்காமல் இருக்கவும் அது தேவை. ஆனால் தடுப்பு வந்த பிறகு பனிக்கட்டி ஏரியிலேயே தங்கி, வசந்தத்தைத் தள்ளிப் போடுகிறது என்று ஊர்மக்கள் குறைப்பட்டார்கள். மின்சாரம் எங்கோ போகிறது, குளிர் மட்டும் எங்களுக்கா என்பதே அவர்கள் கேள்வி. தேசிய ஆராய்ச்சிக் குழு அதை ஆராய்ந்து, தட்பவெப்பத்தில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று 1983இல் சொன்னது. ஏரியின் பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆற்று வழியே வெளியேறக்கூடிய பனிக்கட்டி அதில் சிறு பங்குதான். ஏப்ரலில் குளிர் நீடித்தால் இன்றும் சிலர் தடுப்பைத்தான் திட்டுகிறார்கள். மின்நிலையத்தைக் கேள்வி கேட்கலாம். ஏரியை யார் கேட்பது?

ஏரி கெடுதல் மட்டும் செய்வதில்லை. இதன் தென்கரையில் வெஸ்ட்ஃபீல்டைச் சுற்றிக் கான்கார்ட் திராட்சைத் தோட்டங்கள் மைல் கணக்கில் நீள்கின்றன. வெல்ச் குடும்பம் தன் பழச்சாறுத் தொழிலை 1897இல் அங்கே கொண்டுபோனதற்குக் காரணம் அந்தத் திராட்சைதான். வசந்தத்தில் குளிர்ந்த நீர் மொட்டுகள் அவசரப்பட்டு விரிவதைத் தடுக்கிறது. உறைபனி முடிந்தபின் அவை விரிகின்றன. இலையுதிர் காலத்தில் சூடான நீர் முதல் உறைபனியைத் தள்ளி வைக்கிறது. பழம் பழுக்க நாள் கிடைக்கிறது. கோடையில் சென்னைக்குக் கடற்காற்று செய்யும் உதவியைப் பஃபலோவுக்கு ஏரிக்காற்று செய்கிறது. இந்நகரின் அதிகாரபூர்வப் பதிவில் வெப்பம் ஒருமுறைகூட 100 பாகை ஃபாரன்ஹீட்டைத் தொட்டதில்லை. 1948 ஆகஸ்டில் பதிவான 99தான் உச்சம்.

இங்கே ஏரி நீரின் வெப்பநிலையை 1927 முதல் குறித்து வருகிறார்கள். தரவுகளோடு பிழைக்கும் தொழில் என்பதால், அத்தனை நீண்ட வரிசை ஒன்றைப் பார்ப்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அது சொல்லும் சேதி மகிழ்ச்சியானதல்ல. பேரேரிகள் சூடாகின்றன, பனிக்கட்டி மூடும் பரப்பு பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைந்து வருகிறது. மூடி போடாத ஏரி ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பனி கொட்டலாம். காற்றும் சூடாவதால் அதில் ஒரு பகுதி மழையாகவே விழலாம். ஜனவரி பிறந்தால் நிம்மதி என்ற பழைய கணக்கு இனி செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாது.

2022 டிசம்பர் 23 அன்று புயல் வரும் என்பது பல நாள் முன்பே தெரிந்திருந்தது. முன்னறிவிப்பு துல்லியமாக இருந்தது. பயணத் தடை அமலுக்கு வந்ததோ அன்று காலை 9:30 மணிக்கு. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். விமான நிலையத்தில் 37 மணி நேரம் கண்மறைக்கும் புயல். 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிலர் கார்களுக்குள், சிலர் தெருவில், சிலர் சூடில்லாத வீட்டில். இறந்தவர்களில் கறுப்பின மக்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கைவிட மிக அதிகம்.

1977இல் ஏரி என்ன செய்யப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. 2022இல் தெரியும். அன்று ஒரு சம்பள நாளை விட முடியாதவர் யார், வீட்டில் சூடு இருந்தவர் யார், எந்தத் தெருவுக்குப் பனிவாரி வண்டி கடைசியில் வந்தது என்பதெல்லாம் வானிலைப் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஏரி பனியைக் கொட்டும் இடத்தைக் காற்று தீர்மானிக்கிறது. அதன் அடியில் யார் அகப்பட வேண்டும் என்பதை நகரம்தான் தீர்மானிக்கிறது.