பழைய மெசின் படங்களும் பனாமாக் கால்வாயும்

பழைய கட்டுமான மெசின்களின் படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். "துருப்பிடித்த இரும்பில் பார்க்க என்ன கிடக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்கிறார்கள். கோட்டை, கோயில், அரசன் படம் என்றால் வரலாறு. மண் வெட்டும் மெசின் படம் என்றால் குப்பை. இதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லப் பனாமாக் கால்வாய் ஒன்றே போதும்.

பிரெஞ்சுக்காரர் 1881 இல் தொடங்கிக் கைவிட்ட வேலை அது. 1904 இல் அமெரிக்கர் கையிலெடுத்தார்கள். 1914 ஓகஸ்ட் 15 இல் கால்வாய் திறந்தது. இடையில் குலேப்ரா என்ற மலைப்பகுதியைப் பிளந்தவை நீராவி ஷவல்கள். ஊரில் பெக்கோ என்கிறோமே, அதன் பாட்டன் என்று வையுங்கள். டீசலும் இல்லை, ஹைட்ரோலிக்கும் இல்லை. நிலக்கரியை எரித்து, கொதிகலனில் நீராவி எடுத்து, அந்தப் பலத்தில் சங்கிலியால் வாளியை இழுக்கும். பியூசைரஸ் கொம்பனியின் 95 தொன் ஷவல் ஒரு தடவையில் 5 கன யார் அள்ளியது.

அந்த ஷவலின் படங்களில் ஒன்று உங்களில் பலர் பார்த்ததாக இருக்கும். 1906 நவம்பரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் மழைக்குள் போய், வெள்ளை உடுப்போடு ஷவலில் ஏறி உட்கார்ந்திருக்கும் படம். பதவியிலிருந்த அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் நாட்டுக்கு வெளியே போனது அதுதான் முதல் தடவை. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ஆனால் வேலை எப்படி நடந்தது என்று அறிய அந்தப் படம் அவ்வளவு உதவாது. (அரசியல்வாதி மெசினில் ஏறினால் மெசின் யாருக்குத் தெரியும்!)

உதவுகிற படங்களை எடுத்தவர் ஏர்னெஸ்ற் ஹலன். 1907 இல் கால்வாய் ஆணைக்குழுவின் படப்பிடிப்பாளராகச் சேர்ந்து 1937 வரை அதே வேலையில் இருந்தார். கண்ணாடித் தட்டுகளில் ஆயிரக்கணக்கான படங்கள். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் எடுத்தார். இடமும் தேதியும் குறித்து வைத்தார். வேலை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று காட்டுவதுதான் நோக்கம், கலை அல்ல. ஒரு படமும் கையில் இல்லாமல் ஓடிவந்த எனக்கு, தேதி போட்ட படத்தைக் கண்டால் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

இந்தப் படங்களின் அருமை மெசினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொம்பனிக் கட்டலொக்கில் ஷவல் தனியாக நிற்கும். ஹலனின் படங்களில் அப்படியில்லை. உள்ளே லீவர் பிடிக்கும் ஒருவர், வெளியே நீட்டிய கையில் வாளியை இயக்க இன்னொருவர், கொதிகலனுக்குக் கரி போடுபவர்கள். கீழே சேற்றுக்குள் ஒரு கூட்டம். ஷவல் றெயில் தண்டவாளத்தில் நிற்பது. எட்டிய மட்டும் வெட்டியதும், முன்னால் தண்டவாளத் துண்டுகளைப் போட்டு அதை நகர்த்த வேண்டும். அது இந்தக் கீழ்க்கூட்டத்தின் வேலை. "மெசின் மலையை வெட்டியது" என்று புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். படம் அந்த வரியை ஒப்புக்கொள்ளாது.

இன்னொன்றும் தெரியும். மேலே லீவரில் இருப்பவர்கள் வெள்ளை அமெரிக்கர். கீழே இரும்புக் கோலோடு நிற்பவர்கள் பார்படோஸ், ஜமேக்கா போன்ற தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவர். முன்னவர் "தங்கப் பட்டியல்", பின்னவர் "வெள்ளிப் பட்டியல்". சம்பளம் வேறு, குடியிருப்பு வேறு, சாப்பிடும் இடம் வேறு. சட்டப் புத்தகம் புரட்டத் தேவையில்லை, யார் எந்த உயரத்தில் நிற்கிறார் என்று பார்த்தால் போதும்.

1913 மே 20 இல் இரண்டு பக்கமிருந்தும் வெட்டிவந்த ஷவல்கள் குலேப்ராவின் அடித்தளத்தில் சந்தித்தன. அவற்றின் இலக்கங்கள் 222, 230. நூறு வருசம் கழித்தும் எனக்குத் தெரிகிறது. தண்டவாளம் போட்டவனின் பெயர் படத்தில் இல்லை. ஹலனைக் குறை சொல்லவில்லை. சம்பளம் கொடுத்தவன் கேட்டதை அவர் எடுத்தார். உத்தியோகப் படம் எதைப் பார்த்தாலும் இந்த நினைப்பு வேண்டும்.

சாவும் அப்படித்தான். 1908 டிசம்பர் 12 இல் பாஸ் ஒபிஸ்போவில் 22 தொன் டைனமைற் நேரத்துக்கு முன்பே வெடித்து 23 பேர் இறந்தார்கள். வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்த டைனமைற்றில் ஷவல் வாளி முட்டியும் ஆட்கள் செத்தார்கள். அமெரிக்கர் காலத்தில் நோயாலும் விபத்தாலும் இறந்தவர்கள் 5,609 பேர் என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு. அதில் சுமார் 4,500 பேர் மேற்கிந்தியத் தீவார். மண்சரிவில் புதைந்த ஷவல்களைப் படமெடுத்திருக்கிறார்கள். அவை பயனற்றவை அல்ல. குக்கராச்சாச் சரிவு எப்படி ஊர்ந்து வந்தது என்பதை, ஒரே இடத்தில் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்தால் இன்றும் அளந்து பார்க்கலாம்.

மெசின்கள் பெரும்பாலும் பழைய இரும்பாகப் போய்விட்டன. செய்த கொம்பனிகளும் இல்லை. பியூசைரஸ் 1997 இல் மரியனை விழுங்கியது. 2011 இல் கற்றபிலர் பியூசைரஸை விழுங்கியது. பஃபலோவுக்குக் கிழக்கே ஒரு மணித்தியாலத்துக்குள் லீ ரோய் என்ற ஊரில் ஒரு மரியன் நீராவி ஷவல் இன்னும் நிற்கிறது. ரொறன்ரோவில் இருப்பவர்கள் நயாகரா பார்க்கப் போகும்போது அப்படியே எல்லை தாண்டிப் போய்வரலாம். பக்கத்தில் நின்றால்தான் படத்தில் காணும் மனிதனின் அளவு விளங்கும்.

1963 இல் பனாமாவில் ஒரு வரலாற்றுச் சங்கம் போட்டி வைத்தது. கால்வாய் வெட்டிய காலத்தில் அங்கே வேலை செய்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கிழவர்கள் எழுதினார்கள். மழை, காய்ச்சல், வெடி, பக்கத்தில் நின்று செத்துப்போனவன். இப்போது அந்தக் கடிதங்களையும் ஹலனின் படங்களையும் இணையத்தில் பார்க்கலாம். நான் ஒரு பக்கம் கடிதத்தைத் திறந்து வைத்து, மறுபக்கம் படத்தைப் பெரிதாக்கிக் கீழ் ஓரத்தில் நிற்பவர்களைப் பார்ப்பேன்.