3 நிமிடமா, 10 நிமிடமா, 15+10-ஆ? செல்போனில் செஸ் ஆடுறவங்க எந்த டைமை தேர்வு செய்யலாம்?

செஸ் ஆப்பை திறந்ததும், எதிராளியைத் தேடும் முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கும். 1 நிமிடமா, 3 நிமிடமா, 10 நிமிடமா, 15+10-ஆ? பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதே இல்லை. கண்ணில் முதலில் படுவதைத் தொட்டுவிட்டு ஆட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். "தினமும் ஆடுறேன், ரேட்டிங் மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்று புலம்புபவர்களுக்கு பல நேரம் சிக்கல் தொடங்குவதே இந்த முதல் பட்டனில்தான்.

அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்?

முதல் எண், ஒரு ஆட்டக்காரருக்கு முழு ஆட்டத்துக்கும் கிடைக்கும் நிமிடங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து அல்ல. 10 நிமிட ஆட்டம் என்றால் அதிகபட்சம் 20 நிமிடம் ஓடும்.

கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பது, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உங்கள் கடிகாரத்தில் கூடுதலாகச் சேரும் விநாடிகள். இதற்குப் பெயர் இன்க்ரிமென்ட். முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1980-களின் இறுதியில் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1992-ல் போரிஸ் ஸ்பாஸ்கியுடன் மீண்டும் மோதியபோது இந்த முறையில்தான் ஆடினார். ஜெயிக்கிற நிலையில் இருப்பவர், காயை நகர்த்தக்கூட நேரமில்லாமல் தோற்பதைத் தடுப்பதுதான் இதன் நோக்கம்.

ரேபிட், பிளிட்ஸ், புல்லட்: எது எது?

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ஒரு ஆட்டத்தை 60 நகர்த்தல் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. ஒருவருக்கு மொத்தம் 10 நிமிடம் அல்லது அதற்குக் குறைவாக வந்தால் பிளிட்ஸ். 10 நிமிடத்துக்கு மேல், 60 நிமிடத்துக்குள் என்றால் ரேபிட். அதற்கும் மேலே போனால் கிளாசிக்கல். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் 3+2 முறையிலும், உலக ரேபிட் சாம்பியன்ஷிப் 15+10 முறையிலும் நடக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. இன்க்ரிமென்ட் இல்லாத வெறும் 10 நிமிட ஆட்டம் ஃபிடே கணக்கில் பிளிட்ஸ். ஆனால் செஸ்.காம், லிசெஸ் இரண்டுமே அதை ரேபிட் என்றுதான் காட்டும். "நான் ரேபிட் பிளேயர்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலர், ஃபிடே விதிப்படி பிளிட்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்!

3 நிமிடத்துக்கும் குறைவானதை ஆப்கள் புல்லட் என்கின்றன. ஃபிடே விதிப் புத்தகத்தில் புல்லட் என்று தனி வகை கிடையாது.

ஒரு நகர்த்தலுக்கு எத்தனை விநாடி?

40 நகர்த்தல் கொண்ட ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1 நிமிட புல்லட்டில் ஒரு நகர்த்தலுக்கு உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை விநாடி. 3 நிமிடத்தில் நாலரை விநாடி. 10 நிமிடத்தில் 15 விநாடி. 10+5-ல் 20 விநாடி. 15+10-ல் 32 விநாடிக்கு மேல்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எதிராளி இப்போது நகர்த்திய காய் எதை மிரட்டுகிறது? நான் நகர்த்தப் போகும் கட்டத்தில் என் குதிரை வெட்டுப்படுமா? ராணி பத்திரமாக இருக்கிறதா? புதிதாக ஆடுபவர் இந்த மூன்று கேள்விகளை மனதில் ஓட்டிப் பார்க்கவே நாலரை விநாடி போதாது. ஆகவே அவர் பார்க்காமலே நகர்த்துகிறார். ராணி போகிறது. அடுத்த ஆட்டத்திலும் அதே ராணி, அதே மாதிரி.

அப்போ கிராண்ட்மாஸ்டர்கள் மட்டும் எப்படி?

1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உண்மையான ஆட்டங்களில் வந்த நிலைகளைச் சில விநாடிகள் மட்டும் காட்டிவிட்டு, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் சிலவற்றைத்தான். ஆனால் காய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது மாஸ்டருக்கு அந்தச் சாதகம் காணாமல் போனது.

அதாவது, வேகம் தனியாக வருவதில்லை. ஏற்கெனவே பார்த்துப் பழகிய அமைப்புகள் தலைக்குள் இருப்பதால்தான் அவர்களுக்குச் சட்டென்று பதில் கிடைக்கிறது. அந்தச் சேமிப்பு இல்லாதவர் 3 நிமிட ஆட்டம் ஆடினால், எடுப்பதற்கு உள்ளே எதுவும் இருக்காது.

விஸ்வநாதன் ஆனந்த் சின்ன வயசுலயே பிளிட்ஸ் ஆடித்தானே வளர்ந்தார் என்று கேட்கலாம். உண்மைதான். சென்னையில் இருந்த டால் செஸ் கிளப்பில் அவர் ஆடிய வேக ஆட்டங்கள் பிரபலம். 2017-ல் உலக ரேபிட் பட்டத்தையும் வென்றார். ஆனால் அந்த வயதிலேயே அவர் கிளாசிக்கல் போட்டிகளிலும் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

வேகமா ஆடுறவர்தான் பெரிய ஆளா?

2024 டிசம்பர், சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி கிளாசிக்கல் ஆட்டம். முதல் 40 நகர்த்தல்களுக்கு 2 மணி நேரம். சராசரியாக ஒன்றுக்கு 3 நிமிடம். அந்த ஆட்டம் டிராவில் முடிந்தால் மறுநாள் ரேபிட் டைபிரேக். அங்கே டிங் லிரெனுக்கே சாதகம் என்று பலரும் கருதினார்கள். காரணம், அந்தச் சமயத்தில் குகேஷின் ரேபிட், பிளிட்ஸ் ரேட்டிங் அவருடைய கிளாசிக்கல் ரேட்டிங்கைவிட கணிசமாகக் குறைவு.

டிராவை நோக்கிப் போன அந்த நிலையிலும் குகேஷ் விடவில்லை. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அழுத்தம் கொடுத்தார். 55-வது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

மறுபக்கமும் உண்டு. 2023 பாகு உலகக் கோப்பை இறுதியில் பிரக்ஞானந்தா, மேக்னஸ் கார்ல்சனுடன் இரண்டு கிளாசிக்கல் ஆட்டங்களையும் டிரா செய்தார். ரேபிட் டைபிரேக்கில்தான் கார்ல்சன் கோப்பையை எடுத்தார். மெதுவான ஆட்டத்துக்கும் வேகமான ஆட்டத்துக்கும் வெவ்வேறு தசை வேண்டும்.

சரி, நீங்கள் எதை ஆடலாம்?

ராணியையோ குதிரையையோ சும்மா விட்டுக்கொடுக்கும் கட்டத்தில் இருந்தால் 10+5 அல்லது 15+10. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. 15+10 ஆட்டம் முக்கால் மணி நேரம் வரை போகலாம். அவ்வளவு நேரம் இல்லாதபோது 10+5 போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நேரத்தை எடுத்தால் மட்டும் போதாது, செலவழிக்கவும் வேண்டும். 15 நிமிட ஆட்டத்தில் 13 நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டே தோற்பவர்கள் ஏராளம். அது 2 நிமிட ஆட்டம்தான், பெயர் மட்டும் ரேபிட்.

பிளிட்ஸ் ஆடவே கூடாதா? அப்படி இல்லை. புதிதாகப் படித்த ஒரு ஓப்பனிங்கை ஒரே மாலையில் பத்து முறை முயற்சி செய்ய அதைவிட நல்ல வழி கிடையாது. அப்படி ஆடும்போது 3 நிமிடத்தைவிட 3+2 மேல். தோற்ற ஆட்டத்தை மூடும் முன் ஒரே ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

புல்லட் ஜாலிக்கு. அங்கே கட்டை விரலும், ப்ரீமூவ் எனப்படும் முன்கூட்டியே நகர்த்தும் வசதியும் பாதி வேலையைச் செய்கின்றன. ஓடும் ரயிலில் சிக்னல் போனால் கடிகாரம் நிற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

வேலை நடுவே ஆடுபவர்களுக்கு இன்னொரு வழி, ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று எடுத்துக்கொள்ளும் ஆட்டம். செஸ்.காமில் இதற்கு டெய்லி என்று பெயர். பாதியில் ஆட்டத்தை விட்டுப் போகும் பழக்கம் இருப்பவர்களுக்கும் இதுதான் சரி. அடிக்கடி அப்படிப் போனால் ஆப்கள் தற்காலிகத் தடை போடுகின்றன.

நேரம் முடிஞ்சா தோல்விதானா?

எப்போதும் இல்லை. உங்கள் நேரம் தீர்ந்துவிட்டது, ஆனால் எதிராளியிடம் ராஜா மட்டும்தான் மிச்சம் என்றால் ஆட்டம் டிரா. தனி ராஜாவால் செக்மேட் செய்ய முடியாது அல்லவா? கடைசி 10 விநாடியில் தோல்வி உறுதி என்று தோன்றினால், எதிராளியின் கடைசிச் சிப்பாயைக் குறிவையுங்கள்.

வீட்டில் பலகை வைத்து ஆடும்போது

அப்பாவும் மகளும் ஆடுகிறார்கள், ஒருவர் எப்போதும் ஜெயிக்கிறார் என்றால் ராணியை எடுத்துவிட்டு ஆடுவது வழக்கம். அதைவிட நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். மகளுக்கு 10 நிமிடம், அப்பாவுக்கு 3 நிமிடம். எல்லா காய்களும் பலகையில் இருக்கும், ஆட்டமும் உண்மையான ஆட்டமாக இருக்கும். இருவருக்கும் வெவ்வேறு நேரம் வைக்கக்கூடிய இலவச செஸ் கிளாக் ஆப்கள் போனிலேயே கிடைக்கின்றன. போனைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காயை நகர்த்திய அதே கையால் தட்ட வேண்டும்; ஃபிடே விதியும் அதுதான்.